புகழுக்கு ஓய்வு வயது இல்லை

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த ஆண்டு பணி ஓய்வு பெறுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி ஆசிரியர்களுக்கும், வருவாய்த் துறை, ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும், போக்குவரத்துக் கழக ஓட்டுநர் நடத்துநர்களுக்கும், கல்பாக்கத்து அணுசக்தித் துறை ஊழியர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் மே மாதக் கடைசியில்தான் ஓய்வு பெறுவீர்கள். முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்வதற்காக அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் வசதியாக எழுதிவிட்ட பிறந்த தேதி அப்படி. பாராட்டு விழாவில் சால்வையும் மாலையும் விழும். நான்கு பேர் பேசுவார்கள். அன்று மாலையே ஒரு கேள்வி தொடங்கிவிடும்: "அடுத்து என்ன பண்ணப் போறீங்க?" கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் அதற்கு அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது. முப்பது, முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஒரு மாத ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போவது இரண்டாம் பரிசு, முதல் பரிசு பெயரும் பணமும் சேர்த்தவர்களுக்குப் போய்விட்டது என்ற எண்ணம். நீங்களும் அதை நம்பத் தொடங்கினால் பணிக்கொடையும் பி.எஃப். பணமும் கையில் இருக்கும் அந்த முதல் ஆண்டிலேயே தவறான முடிவுகளை எடுப்பீர்கள். சாதாரணமான பணி ஓய்வில் இருக்கும் ஒன்று புகழிலும் இல்லை, செல்வத்திலும் இல்லை. அது முடிந்துவிடுகிறது. உங்கள் கணக்கு நேராகிவிட்டது, இனி நீங்கள் எதையும் நிரூபிக்கவோ காவல் காக்கவோ வேண்டியதில்லை. புகழுக்கும் செல்வத்துக்கும் அப்படி ஒரு தேதி கிடையாது. இந்த மடல் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில், உங்களுக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு புதிய பொருள் என்பதைப் பார்க்க வேண்டும். உழைத்த மனிதன் உடம்பில் தெம்பு இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு மாதா மாதம் பணம் வாங்கலாம் என்ற ஏற்பாடு உலகத்துக்கே மிக அண்மையில் வந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் 1889 இல் தொழிலாளர் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது அதற்கான வயது 70. அந்த வயதைக் கண்ட தொழிலாளர்கள் மிகக் குறைவு. நாம் விடுதலை பெற்ற 1947 இல் ஓர் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகளை ஒட்டித்தான் இருந்தது. இன்று அது 70 ஐ ஒட்டி இருக்கிறது. தமிழ்நாட்டில் 58 ஆக இருந்த ஓய்வு வயது 2020 இல் 59 ஆகவும் 2021 இல் 60 ஆகவும் உயர்ந்தது. அதற்குப் பிறகும் பலருக்கு இருபது ஆண்டுக்குக் குறையாத வாழ்க்கை மீதி இருக்கிறது. நம் பாட்டனார்களில் பெரும்பாலோர் காணாத ஒரு பருவம் இது. இதை அரசு தரும் தயவு என்று எண்ணிக் கூச வேண்டியதும் இல்லை. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஓய்வூதியம் கருணைக் கொடை அன்று, செய்த பணிக்காக ஈட்டிய உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் சங்கங்கள் ஆண்டுதோறும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன. நீங்கள் வாங்கப்போவது ஏற்கெனவே உழைத்து முடித்துவிட்ட வேலைக்கான பாக்கி. அதற்காக இனிமேல் யாரையும் திருப்திப்படுத்த வேண்டியதில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த பகுதி.

இருந்தும் நம் மரபில் இந்தப் பருவத்துக்குப் பெருமை போதவில்லை. தமிழில் பாடப்பட்டவர்கள் இரண்டு வகையினர்: ஒன்று, ஈட்டிக் குவித்து ஆண்டவர்கள், மற்றது, எல்லாவற்றையும் ஒரே நாளில் உதறிவிட்டுப் போனவர்கள். பட்டினத்தாரைப் பற்றிய கதைகளில் அவர் துறந்த செல்வத்தின் அளவு சொல்லாமல் விடப்படுவதில்லை; பெரிதாகத் துறக்க வேண்டுமென்றால் முதலில் பெரிதாக வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது! அரசனும் அல்லாத, துறவியும் அல்லாத, மாதம் முதல் தேதியில் வங்கிக் கணக்கைப் பார்க்கிற மனிதனுக்குப் பாட்டு இல்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு, அதுவும் சங்க காலத்திலேயே. இத்தனை வயதாகியும் நரை இல்லாதது எப்படி என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொன்ன பதில் புறநானூற்றில் 191 ஆம் பாடலாக இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள், உடன் வேலை செய்பவர்கள், முறை தவறாத அரசு, ஊரில் வாழும் சான்றோர் என்று அவர் காரணங்களை அடுக்குகிறார். தனக்கிருந்த புகழ் அதில் இல்லை, பொன்னும் இல்லை. அவருடைய நண்பன் கோப்பெருஞ்சோழனுக்கு நாடும் இருந்தது, பெயரும் இருந்தது. பெற்ற மக்களே எதிர்த்துப் படை திரட்ட, அவன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர் துறந்தான். பிசிராந்தையாரும் அவனோடு வடக்கிருந்தவர்தானே என்று படித்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் சோழன் தன் வீட்டில் வாழ முடியாததால் அங்கே போய் உட்கார்ந்தான். புலவர் நட்புக்காகப் போய் உட்கார்ந்தார். இரண்டும் ஒன்றல்ல.

புகழை எடுத்துக்கொள்வோம். அதை எடைபோட நம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மாமல்லபுரத்துப் பல்லவ மன்னர்கள் தங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்பதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. தருமராஜ ரதத்தில் பட்டப் பெயர்களை வரிசையாக வெட்டி வைத்தார்கள். அத்யந்தகாமன் என்ற பட்டம் அங்கே பல இடங்களில் வருகிறது. அந்தப் பட்டம் எந்த மன்னனுக்கு உரியது, எந்தக் கோயிலை யார் எடுப்பித்தார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. பெரும்பாலானவற்றை முதலாம் நரசிம்மவர்மன் காலத்தோடு சேர்த்துப் படித்துவந்தோம். 1962 இல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, இவை அத்தனையும் இராஜசிம்மன் ஒருவன் படைப்பு என்று வாதிட்டார். கல்லிலேயே பெயரை எழுதிவைத்த மன்னனுக்கு நேர்ந்த கதி இது. ஊருக்கு மேற்கே பூஞ்சேரியில் ஒரு பாறையில் வேறு சில பெயர்களும் இருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று வேலை செய்தவர்களின் பெயர்கள். எந்தச் சிற்பம் எவர் கை என்று அவர்கள் சொல்லி வைக்கவில்லை. பட்டங்களே இல்லாத இந்தப் பெயர்களைப் பற்றிச் சண்டையும் இல்லை, பறிபோக உரிமையும் இல்லை. வேலை நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். நாற்பது ஆண்டு ஓர் ஊரில் எழுத்தறிவித்த ஆசிரியரின் நிலையும், கல்பாக்கத்தில் 1980 களிலிருந்து அணுமின் நிலையத்தை ஓட்டிய தொழில்நுட்பப் பணியாளரின் நிலையும் இந்தப் பாறைப் பெயர்களுக்கு அருகில்தான் இருக்கின்றன. அது தாழ்ந்த இடம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இறந்த பிறகு புகழ் என்ன ஆகிறது என்பதைவிட, உயிரோடு இருக்கும்போது அது என்ன செய்கிறது என்பது முக்கியம். பெரும் புகழ் பெற்ற நடிகர் கடைசியில் வறுமையில் இறந்தார் என்ற பல்லவியை நான் பாடப் போவதில்லை. தியாகராஜ பாகவதரையும் சாவித்திரியையும் இந்த வாதத்துக்கு இழுத்துவந்து இழுத்துவந்து தேய்த்துவிட்டோம். புகழோடும் பணத்தோடும் நிம்மதியாக முடிந்த வாழ்க்கைகளும் நிறையவே உண்டு. அவற்றை விட்டுவிட்டு இவற்றை மட்டும் எண்ணினால் அது நேர்மையான கணக்கு ஆகாது. என் வாதம் வேறு. புகழ் நன்றாகவே அமைந்தாலும் அதற்கு ஒரு முடிவு தேதி இல்லை. நேற்று இருந்த அளவுக்கு இன்றும் இருக்கிறதா என்று தினமும் அளந்து பார்க்க வேண்டிய பொருள் அது. ஊரில் ஒரு மூலையில் தனியாக நிற்கும் உரிமையையும் அது எடுத்துக்கொள்கிறது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். உலகத்தில் மிகுந்த அதிகாரம் படைத்த இருவர் அர்ஜுனன் தபசுப் பாறைக்கு முன் நிற்க வேண்டுமென்றால் கடைகளை மூட வேண்டியிருந்தது, மீனவர்களைக் கடலுக்குப் போகாமல் நிறுத்த வேண்டியிருந்தது, ஊரையே காலி செய்ய வேண்டியிருந்தது. அதாவது அவர்கள் பார்த்தது மாமல்லபுரத்தை அல்ல, ஆளில்லாத மாமல்லபுரத்தை. நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போய், நாற்பது ரூபாய் டிக்கெட்டில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். (அந்தச் சந்திப்பு நடந்த அதே மாதத்தில், அதுவரை இலவசமாகப் பார்த்துவந்த வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும் தொல்லியல் துறை நாற்பது ரூபாய் வைத்துவிட்டது. பெரியவர்கள் வந்துபோனால் சின்னவர்களுக்குச் செலவு என்பது இதுதான் போலும்.)

செல்வத்துக்கு வருவோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 1750 இல் அது பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கிடைத்தது. நிசாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்குக்குச் செய்த உதவிக்குக் கைம்மாறு. கோட்டை மட்டுமல்ல, நவாப் பட்டமும், அதற்கேற்ற ஆடம்பரமும், பெரும் பொருளும் சேர்ந்து வந்தன. தென்னிந்திய அரசியலே அவர் கைவிரலில் ஆடிய காலம் அது. 1754 இல் அவரைப் பாரிசுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தன் கைப்பணத்தைச் செலவழித்தேன், அதைக் கொடுங்கள் என்று அவர் வழக்கு நடத்திக்கொண்டே இருந்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1763 இல், கடன்காரர்கள் சூழ இறந்தார். அதற்கு முன்பே, 1760 இல், ஆங்கிலேயர் ஆலம்பரைக் கோட்டையைத் தகர்த்திருந்தார்கள். இங்கே நான் சுட்டுவது டூப்ளேயின் வறுமையை அல்ல. பதவி போன பிறகும் அவரால் ஓய்வு பெற முடியவில்லை என்பதை. அவருடைய செல்வம் முழுவதும் இன்னும் முடியாத கணக்காக இருந்தது: யாரோ தர வேண்டியது, எங்கோ மாட்டிக்கொண்டது, யாரிடமோ கேட்டு வாங்க வேண்டியது. பெரும் செல்வத்தின் இயல்பே அதுதான். பத்து இடத்தில் போட்ட பணம் பத்து இடத்தில் உங்களைக் கட்டிப்போடும்.

இன்றைய கடற்கரையைப் பார்த்தாலும் அதுவே தெரியும். உத்தண்டியிலிருந்து முட்டுக்காடு, கோவளம் தாண்டி வரும் வழியெல்லாம் உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் கடலைப் பார்த்த பங்களாக்கள். ஆண்டில் பெரும்பாலான நாட்களில் பல வீடுகளில் கடலைப் பார்ப்பவர் காவலாளிதான். முதலாளி நிலத்தைப் பார்க்க வேண்டும், பட்டாவைப் பார்க்க வேண்டும், கடலோர ஒழுங்குமுறை விதியைப் பார்க்க வேண்டும், அண்ணன் தம்பி பங்கைப் பார்க்க வேண்டும். நிலத்தின் விலை ஏறிய இடத்திலெல்லாம் பாகப்பிரிவினை வழக்கும் ஏறுகிறது என்பதைச் செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் எந்த வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்வார். இதோடு உங்கள் ஓய்வூதியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் விலைவாசிக்கேற்ப அகவிலைப்படி உயர வழி இருக்கிறது; பணக்காரர் விலைவாசியோடு தானே மல்லுக்கட்ட வேண்டும். நீங்கள் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் யாருக்கு என்று விதியே சொல்லிவிடுகிறது. மனைவிக்கும் மகனுக்கும் இடையில் உயில் சண்டைக்கு அங்கே இடமில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. புகழ் வயதோடு தேயும். மத்திய அரசு ஓய்வூதியமோ 80 வயதில் 20 விழுக்காடு கூடும், 85 இல் 30, 90 இல் 40, 95 இல் 50, நூறு வயதில் அடிப்படை ஓய்வூதியம் இரண்டு மடங்கு. மனிதன் முதுமை அடைய அடைய அதிகம் தரும் பொருள் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஈடாகக் கேட்பது ஆண்டுக்கொரு முறை உயிர்ச்சான்று, அல்லது கருவூலத்தில் நேர்காணல். இருக்கிறீர்களா என்று மட்டும்தான் கேட்கிறார்கள். சாதித்தீர்களா என்று கேட்பதில்லை.

பணம் வேண்டாம் என்று சொல்வது பணம் உள்ளவர்களின் பேச்சு என்ற மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010 இல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் ஆகிய இரு நோபல் அறிஞர்கள் எழுதிய கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். அதே கானமன், அதற்கு மாறான முடிவுக்கு வந்திருந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தோடு சேர்ந்து 2023 இல் தரவுகளை மறுபடி ஆராய்ந்து, பெரும்பாலானவர்களுக்கு வருமானம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடிக்கொண்டேதான் போகிறது என்று ஒப்புக்கொண்டார். ஆகவே பணம் பயனற்றது என்ற வாதத்தை நான் வைக்கவில்லை. ஆனால் அந்த உயர்வு எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐம்பதாயிரம் ஒரு லட்சமானபோது எவ்வளவு கூடியதோ, அவ்வளவு மறுபடியும் கூட வேண்டுமென்றால் ஒரு லட்சம் இரண்டு லட்சமாக வேண்டும், அதன் பிறகு நான்கு லட்சம், எட்டு லட்சம். ஒவ்வொரு படியும் முந்தைய படியைப் போல் இரண்டு மடங்கு உயரம். அறுபது வயதில் அந்தப் படிகளில் ஏறத் தொடங்குவதற்குத் தர வேண்டிய விலை காலம். இருபத்தைந்து வயதுக்காரரிடம் அது கையிருப்பாக இருக்கிறது, உங்களிடம் இல்லை. மருத்துவச் செலவு மட்டும் உண்மையான அச்சம். அதை நான் சிறிதாக்கிப் பேச மாட்டேன். அதற்குப் பதில் பெரும் பணம் அல்ல, காப்பீடு. ஓய்வூதியருக்கான மாநில அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும், கல்பாக்கத்து ஊழியர்களுக்கு அணுசக்தித் துறையின் பங்களிப்புச் சுகாதாரத் திட்டமும் குறைகளோடு இருந்தாலும் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க மறக்காமல் இருப்பதும், குறை வரும்போது சங்கத்தின் வழியாகச் சண்டை போடுவதும், மனை வாங்கி விற்பதைவிடப் பயனுள்ள வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் பரிசு நமக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம்தான் ஓய்வு பெறுபவரின் பணத்தைக் குறிவைப்பவர்களுக்கு மூலதனம். 2022 இல் வெளியான ஆருத்ரா கோல்டு நிறுவன வழக்கை நினைத்துப் பாருங்கள். மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்தார்கள் என்பது பொருளாதாரக் குற்றப் பிரிவின் குற்றச்சாட்டு. ஆண்டுக்கு ஏழு, எட்டு விழுக்காட்டுக்கு மேல் வங்கி தராது என்பது அறியாதவர்களா அவர்கள் எல்லோரும்? இல்லை. வட்டிக் கணக்குப் பாடம் நடத்தியவர்களே இப்படிப்பட்ட திட்டங்களில் பணம் போடுகிறார்கள். கணக்குத் தெரியாததால் அல்ல, தன் வாழ்க்கை சாதாரணமாக முடிந்துவிட்டது என்ற வருத்தத்தால். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து "பத்தே நிமிடம்" என்று விளம்பரம் வரும் மனைப்பிரிவுகளுக்கும் இது பொருந்தும். இருக்க ஒரு வீடு வேண்டும், சரி. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய கல்பாக்கத்துக்காரர்கள் புதுப்பட்டினத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்வது தேவை. இருப்பதற்கு அல்லாமல் பெருக்குவதற்கு என்று வாங்கும் இரண்டாவது மனை, நீங்கள் இப்போதுதான் முடித்துவிட்டு வந்த வேலையை மறுபடி தொடங்கிவைக்கும். மேலதிகாரி மட்டும் மாறியிருப்பார்.

இன்னொரு மறுப்பு வி. கணபதி ஸ்தபதியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்து 1988 இல் ஓய்வு பெற்றவர். அவர் தலைமையில் கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவர் சிலைப் பணி 1990 இல் தொடங்கியது. 2000 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. 2009 இல் பத்மபூஷண் வந்தது. அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தச் சிலை உண்டா என்று கேட்பார்கள். ஆனால் இந்த எடுத்துக்காட்டு எனக்குத்தான் சாதகம். ஓய்வு பெறுவது என்றால் கையைக் கட்டிக்கொள்வது என்று யார் சொன்னது? அவர் ஓய்வு பெற்றது வருகைப் பதிவேட்டிலிருந்தும் கோப்புகளிலிருந்தும்தான்; உளி அவர் கையில்தான் இருந்தது. புகழைத் தேடி அறுபதுக்கு மேல் ஒரு புதுத் தொழிலில் அவர் இறங்கவில்லை. வாழ்நாள் முழுதும் செய்த வேலையை, அலுவலகம் குறுக்கே நிற்காமல், தொடர்ந்து செய்தார். பத்மபூஷண் வராமல் போயிருந்தாலும் சிலை அதே உயரம்தான். உங்களில் தமிழாசிரியராக இருந்தவர் ஊர்ப்பெயர்களையும் வட்டார வழக்குகளையும் தொகுத்து வைக்கலாம். கிராம நிர்வாக அலுவலராக இருந்தவருக்குத் தன் ஊரின் ஏரி, மதகு, வரத்துக்கால் வரலாறு மனப்பாடமாக இருக்கும், அதை எழுதி வைக்கலாம். நூறு பேர் படித்தால் போதும். யார் படித்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால்தான் கெட்டது.

வெறுமை பற்றிய பயத்தையும் தள்ளிவிட முடியாது. நாற்காலி போனதும் வணக்கம் போடுகிறவர்கள் குறைவார்கள்; தொலைபேசி அடிக்காது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938 இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, 268 ஹார்வர்டு மாணவர்களையும் பாஸ்டன் நகரத்து எளிய குடும்பங்களைச் சேர்ந்த 456 பேரையும் அவர்கள் ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தது. எண்பது வயதில் ஒருவர் எப்படி இருப்பார் என்பதை ஐம்பது வயதில் அவருக்கு இருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட, அவருடைய உறவுகளின் தரமே நன்றாகக் காட்டியது. இருவகையினரும் அமெரிக்க ஆண்கள்தான் என்பதால் அதை அப்படியே நமக்கு ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் பிசிராந்தையாரின் பட்டியலும் இந்த முடிவும் இவ்வளவு அருகருகே வருவது எனக்கு நம்பிக்கை தருகிறது. உறவுக்கு வேண்டியது நேரம். உங்களிடம் புதிதாக வந்திருப்பதும் அதுதான்.

அந்த நேரம் ஆண்களுக்கு மட்டும்தான் வருகிறது என்று ஓய்வு பெறும் ஆசிரியைகள் சொன்னால், அதற்கு என்னிடம் தப்பிக்கும் பதில் இல்லை. 2019 இல் நாடு முழுதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு, அடுப்படியிலிருந்து இல்லை. கூடவே பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் முழுநேர வேலையும் தேடிவரும். அம்மா சும்மாதானே இருக்கிறாள் என்ற பேச்சை முதல் மாதமே நிறுத்துங்கள். ஓய்வு பெற்ற கணவர்களுக்கு: அந்த 97 ஐ உயர்த்துவது உங்கள் அடுத்த பதவி உயர்வாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு கடைசியாக இருக்கிறது. நான் சாதாரணம் என்று சொல்லும் இந்த ஓய்வு எத்தனை பேருக்குச் சாதாரணம்? 2003 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி மாநில அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் தள்ளப்பட்டு, பழைய ஓய்வூதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடியதை உடனிருந்து பார்த்தீர்கள். தனியார் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இ.பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. கொக்கிலமேட்டிலும் தேவனேரியிலும் வலை இழுத்தவருக்கும், புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பத்தைச் செதுக்கி நுரையீரலில் கல்தூசி சேர்த்துக்கொண்டவருக்கும் ஓய்வு வயது என்று ஒன்று இல்லவே இல்லை. உடம்பு விழும் நாள்தான் அது. இது என் வாதத்தை உடைக்கிறதா? ஓய்வூதியம் சிலருக்கு மட்டும் இருப்பதால் அது நல்லதல்ல என்று ஆகிவிடாது. எல்லோருக்கும் வேண்டியது என்றுதான் ஆகும். ஒரு மீனவருடைய மகனை நடிகனாக்கவோ கோடீசுவரனாக்கவோ எந்த அரசாலும் முடியாது. முதுமையில் மாதா மாதம் ஒரு தொகையை அவர் கையில் கொடுக்க முடியும். 1889 இல் ஜெர்மனியில் முடிந்தது என்றால் இன்று முடியாதா? நாம் பொதுவில் ஆசைப்பட வேண்டியது இதற்குத்தான். லட்சத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் புகழை வியந்து வியந்து, எல்லோருக்கும் தரக்கூடிய ஒன்றைக் கேட்க மறந்துவிட்டோம்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது, எந்த மனு எந்த மேசையில் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு பணிக்கொடையைவிட மதிப்புள்ளது. தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 2023 இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. தகுதி இருந்தும் அதை வாங்காதவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஆவணம் ஒன்றில் வயது தப்பாக இருக்கும், வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும், ஒருமுறை நிராகரித்ததும் விட்டிருப்பார்கள். ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதத்தில் அப்படி ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அவரோடு இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பணம் கணக்கில் ஏறும் வரை தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள்.